மீன், காட்டுயிர் ஆவண நூலகம் அமைப்பது எப்படி: எண்ணூர்க் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இது பொது நூலகம் வைப்பதற்கான குறிப்பு இல்லை. ஒரே ஒரு நீர்நிலை, அதில் இருக்கிற மீன், இறால், நண்டு, பறவை, ஆமை பற்றி எழுதப்பட்டதையெல்லாம் ஓர் அறையில் சேர்த்து, கேட்டு வருபவருக்கு அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பதற்கான குறிப்பு. எண்ணூர்ப் பக்கம் இரண்டு பீரோவும் ஒரு பழைய கணினியுமாக அப்படி ஓர் அறையைச் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் இடறினார்கள். நானும்தான். பாதித் தொல்லை வரிசை மாறியதால் வந்தது என்பதால், படிகளை இருக்கிற வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. அலமாரி வாங்கும் முன் இருபது கேள்விகளை எழுதுங்கள்

நூலகம் என்றதும் எல்லோரும் புத்தகம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் மாதம் ஒரு புத்தகமும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவுமாகக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், காசிமேடு என்று போங்கள். வனத்துறையில் களத்துக்குப் போகிறவர், மீன்வளத் துறை ஆய்வாளர், கல்லூரியில் ஆய்வு செய்கிற பிள்ளைகள், ஊர்ப் பஞ்சாயத்துக்காக மனு எழுதிக் கொடுக்கிறவர் ஆகியோரையும் பாருங்கள். அவர்கள் கேட்பதைக் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை இவை: “காக்கா ஆழி எந்த வருஷம் ஆத்துக்குள்ள வந்துது?” “எண்ணெய் கொட்டுறதுக்கு முன்னாடி இங்க என்னென்ன மீன் இருந்துதுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களா?” “ஆமை செத்து ஒதுங்குறது இந்த வருஷம்தான் ஜாஸ்தியா, எப்பவுமே இப்படித்தானா?”

காக்கா ஆழி என்பது வெளியிலிருந்து ஆற்றுக்குள் வந்து பரவிய ஒரு சிப்பி. மூன்று கேள்வியிலும் ‘முன்பு’ என்ற சொல் ஒளிந்திருப்பதைப் பாருங்கள். ஆற்றைத் தூர்வாரலாமா, எந்த வலையைக் கட்டுப்படுத்தலாம், யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று முடிவெடுக்கும் அலுவலர் கடைசியில் வந்து நிற்பதும் இந்த ‘முன்பு’விடம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவியபோது, சிறகில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படம் எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் எத்தனை கூழைக்கடா இருந்தது என்ற எண்தான் தேட வேண்டியதாயிற்று. மீன் உயிரியல் பாடப்புத்தகம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். இந்த ஆற்றின் நேற்றைய நிலவரம் அங்கே கிடைக்காது. நீங்கள் சேர்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் அலமாரியை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று நாலைந்து பறவைப் படப் புத்தகங்கள் இருக்கும், தூசி படிந்து.

2. எல்லையைத் தரையில் வரையுங்கள்

கேள்விகள் கையில் வந்ததும் எந்த நீருக்குப் பதில் சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். எங்களுடைய எல்லை, தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகமும், அதில் வந்து கலக்கும் பக்கிங்காம் கால்வாயும். கிழக்கே ஃபைபர் படகு போய் அன்றே திரும்புகிற தூரம்.

எல்லைக்குள் எடுத்த தரவு ஒரு வரியாவது இருந்தால் ஆவணம் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வராது. மூன்று வகைக்கு மட்டும் விலக்கு: உயிரினத்தை அடையாளம் காண உதவும் கையேடுகள், சட்டங்கள், கணக்கெடுப்பு முறைகளை விளக்கும் நூல்கள்.

இந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம். மன்னார் வளைகுடாப் பவளப்பாறை பற்றி அருமையான கட்டுரை ஒன்றை யாராவது அன்பாகக் கொண்டுவந்து தருவார்கள். வாங்கி வைத்தால், தேடும்போது அது குறுக்கே வந்து நிற்கும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழவேற்காட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துப் பறவைகள் சரணாலயம் 153.67 சதுர கிலோமீட்டர். அறிக்கைகளும் மாநில எல்லையிலேயே நின்றுவிடும், பூநாரையும் மடவை மீனும் நிற்காது. நாங்கள் இரு பக்கத்து ஆவணங்களையும் வைக்கிறோம், ஆனால் எந்தப் பக்கம் எடுத்த எண் என்பதைக் கட்டாயம் குறிக்கிறோம். ஏரி முழுவதற்குமான எண்ணையும் சரணாலயத்துக்கான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பறவை குறைந்துவிட்டது’ என்று எழுதிய ஒரு கல்லூரி ஆய்வேட்டை நாங்களே திருத்தியிருக்கிறோம்.

3. கையில் இருக்க வேண்டியவை

அதிகம் வேண்டாம். பூட்டுகிற பீரோ இரண்டு, கணினி, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் (ஒன்று அறையில், ஒன்று வேறொருவர் வீட்டில்), நல்ல கேமரா உள்ள கைப்பேசி, கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, பென்சில், பருத்தி நாடா. ஸ்டேப்ளர் வாங்காதீர்கள், கடற்கரைக் காற்றில் ஊசி ஆறே மாதத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.

நூலக மென்பொருளும் இப்போது தேவையில்லை. கோஹாவை நிறுவுவதிலேயே மூன்று மாதம் போய், ஒரு தாளும் பதிவாகாமல் நின்றுபோன முயற்சி எனக்குத் தெரியும். முதல் இரண்டாயிரம் ஆவணம் வரை ஒரு விரிதாள் போதும்.

முக்கியமாக வேண்டியது, வாரத்தில் இரண்டு மாலை தவறாமல் அறையைத் திறந்து உட்கார ஓர் ஆள். எந்த நாள் திறந்திருக்கும் என்று தெரியாத இடத்துக்கு மீனவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

4. பதிவேட்டுக்கும் முன்னால் பெயர்ப் பட்டியல்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற படி இதுதான். ஆவணம் சேரச் சேரப் பெயர்கள் தானாக ஒழுங்காகிவிடும் என்று நினைத்து எட்டு மாதம் ஓட்டினோம்.

ஒரு மாலை காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். கையளவு கறுப்புச் சிப்பிகளை மேசையில் கொட்டினார். ஒன்றோடொன்று நார்போலப் பின்னிக்கொண்டு, சேறு ஒட்டி, மூக்கைத் துளைக்கும் வாடை. “இத்தப் பத்தி இன்னா எழுதி வெச்சிருக்காங்கன்னு பாரு தம்பி, கால வெச்சா கிழிக்குது, எறா ஒதுங்க மண்ணே இல்ல” என்றார். விரிதாளில் ‘காக்கா ஆழி’ என்று தேடினோம். ஒன்றும் வரவில்லை. ஒரு மாணவி ‘மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா’ என்று தேடினார். இரண்டு கட்டுரை வந்தன. பெரியவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம்தான் புரிந்தது, அதே சிப்பிக்கு ‘மைடெல்லா சருவானா’ என்று இன்னொரு பெயர் புழக்கத்தில் இருந்தது. 2018 வாக்கில்தான் ஸ்ட்ரிகேட்டா என்ற பெயர் நிலைபெற்றது. பழைய பெயரில் எழுதிய கட்டுரைகள் எங்கள் பீரோவிலேயே இருந்தன, தேடலில் மாட்டவில்லை. இன்னொரு அறிக்கையில் ‘மைட்டிலாப்சிஸ்’ என்று இருந்தது. அது வேறு சிப்பி, பார்க்க மட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், அதுவும் அமெரிக்கக் கண்டத்துக் கரையிலிருந்து வந்ததுதான். ஆக, ‘எந்த வருஷம் வந்தது’ என்ற கேள்விக்கு மூன்று பெயரில் தேடி, ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

இறாலிலும் இதே கதை. நம் வெள்ளை இறால் பழைய அறிக்கைகளில் ‘பீனேயஸ் இண்டிகஸ்’, நடுவில் சில ஆண்டுகள் ‘ஃபென்னரோபீனேயஸ் இண்டிகஸ்’, இப்போது பலர் திரும்பவும் பீனேயஸ் என்றே எழுதுகிறார்கள். சேற்று நண்டில் சிக்கல் இன்னும் பெரிது. அந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகத் திருத்தி வகுத்தது 1998-இல். அதற்கு முந்தைய இந்திய அறிக்கையில் ‘ஸ்கில்லா செராட்டா’ என்று இருந்தால் அது இன்றைய செராட்டாதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே தனித் தாள் ஒன்றில் ஆறு பத்திகள் போடுங்கள்: உள்ளூர்ப் பெயர், அது எந்தக் குப்பத்துப் பெயர், இன்றைய அறிவியல் பெயர், பழைய அறிவியல் பெயர்கள், சந்தையில் வழங்கும் ஆங்கிலப் பெயர், குழப்பம் தரும் ஒத்த உயிரினம். மடவை, கொடுவா, கிழங்கான், கீச்சான், கெளுத்தி என்று தினம் வலையில் வருவதிலிருந்து தொடங்கினால் போதும். மடவை, மடவா, மடவ என்று எழுத்து மாறி வருவதையும் அதே வரியில் போட்டுவிடுங்கள்.

ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் பெயரை ‘சரி’ செய்து பதியாதீர்கள். அச்சிட்டபடி ஒரு கட்டம், நீங்கள் நினைப்பது அடுத்த கட்டம். உங்கள் திருத்தமே தப்பாக இருந்தால் பின்னால் வருபவருக்கு மூலம் மிஞ்சியிருக்க வேண்டும்.

5. எங்கே முதலில் தேடுவது

வடசென்னையில் இருந்துகொண்டு கொச்சிக்கும் மும்பைக்கும் கடிதம் எழுதியவர்கள் உண்டு. ராயபுரத்தில் இறங்கி நடந்தாலே இந்திய மீன்வள அளவை நிறுவனத்தின் சென்னைத் தளம் மீன்பிடித் துறைமுக வளாகத்தில் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் மாணவர்கள் செய்த ஆய்வேடுகள் அதன் நூலகத்தில்தான் தூங்கும், அச்சுக்கு வராது.

இருந்தாலும் முதல் வேலை வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தன் வெளியீடுகளை இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எண்ணூர், காசிமேடு, பழவேற்காடு, கொசஸ்தலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதத்திலும் தேடுங்கள். பழைய கட்டுரைகளில் கொசஸ்தலையாற்றின் எழுத்துக்கூட்டல் படும் பாட்டைச் சொல்லி மாளாது. கடல் மீனவர் கணக்கெடுப்பு 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. ஊர்வாரியாகக் குடும்பம், படகு, வலை எல்லாம் அதில் உண்டு. வங்காள விரிகுடாத் திட்டத்தின் பழைய அறிக்கைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள், 1980-களின் படகையும் வலையையும் படம் போட்டு விளக்கியிருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: கடல் மீன் வரத்துப் புள்ளிவிவரத்தில் கழிமுகத்து இறாலைத் தேடாதீர்கள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி, பறியில் போட்டுவரும் இருளர் பெண்களின் இறால் துறைமுகத்து ஏலத்துக்குப் போவதில்லை. அங்கே எண்ணுகிறவரின் நோட்டிலும் ஏறுவதில்லை. ‘புள்ளிவிவரத்தில் இல்லை’ என்பதைப் பிடிப்பே இல்லை என்று படித்துவிடுவது மோசமான தவறு.

அடுத்து, சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் தளம். துறைமுகம், அனல்மின் நிலையம், சாலைப்பாலம் என எது வந்தாலும் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அனுமதிக் கடிதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டிய இணக்க அறிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றின் மீன் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே பட்டியல் வேறு வேறு திட்டத்தின் அறிக்கையில் வருவதைப் பார்ப்பீர்கள். பதிவேட்டில் ‘நேரடிக் களம் / எடுத்தாண்டது / தெரியவில்லை’ என்று ஒரு கட்டம் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வின் உத்தரவுகளும், அது அமைத்த குழுக்களின் அறிக்கைகளும் அடுத்த சுற்று.

அதன்பின் ஒரு நாள் ஒதுக்கி தெற்கே போங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை மையம், உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையம் மூன்றையும் ஒரே நடையில் பார்க்கலாம். முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1954 சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேரும் இடங்களில் ஒன்று, வேறெங்கும் கிடைக்காத துறை அறிக்கைகளை அங்கே கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பரண் கடைசிப் படி. படகு உரிமையாளர் வீட்டில் ஏலச் சீட்டுக் கட்டு, கூட்டுறவுச் சங்கத்துப் பழைய பேரேடு, ஓய்வு பெற்ற ஆசிரியரின் பறவைக் குறிப்பு நோட்டு இதெல்லாம் அங்கேதான் இருக்கும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் உங்களுக்கு எது இல்லை என்று தெரிந்திருக்கும், ஆகவே ‘ஏதாவது இருக்கா’ என்று கேட்காமல் ‘2004-க்கு முந்தின ஏலச் சீட்டு இருக்குமா அண்ணே’ என்று கேட்பீர்கள். மூலத்தை வாங்காதீர்கள். அவர் வீட்டுத் திண்ணையிலேயே படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கட்டு தொலைந்தால் ஒரு குப்பமே கதவைச் சாத்திவிடும்.

6. தகவல் உரிமை மனுவை எப்போது, எப்படி

மேலே சொன்ன எதிலும் கிடைக்காததற்கு மட்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதில் தர 30 நாள்.

புதியவர் எழுதும் மனு பெரும்பாலும் ‘எண்ணூர் மீன்வளம் தொடர்பான அனைத்துத் தகவல்களையும் தரவும்’ என்று இருக்கும். ‘தொகுத்து வைக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வரும், அதோடு முடிந்தது. ஆவணத்தின் பெயர், கோப்பு எண், தேதி, எந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டது என்று குறிப்பாகக் கேளுங்கள். கோப்பு எண் தெரியாவிட்டால் முதலில் கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்டு ஒரு மனு, போய்ப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த மனு.

வரைபடம் கேட்கும்போது ஒப்புதல் பெற்ற ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். 1996-இல் ஒப்புதலான கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டுகிறது. வேறொரு வரைபடத்தில் அதே கழிமுகம் காணாமல் போயிருந்ததும், 2017-இல் அதைச் சுற்றி எழுந்த சர்ச்சையும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆண்டு குறிப்பிடாமல் கேட்டால் எந்த வரைபடம் வரும் என்று உங்களால் சொல்ல முடியாது.

வந்த பதிலோடு உறையையும் வையுங்கள். அஞ்சல் முத்திரைத் தேதிதான் மேல்முறையீட்டுக்கு 30 நாள் எண்ணத் தொடங்கும்போது உதவும்.

7. பதிவேடு: ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி

நூலகவியல் படித்துவிட்டு வருகிறவர்கள் வந்ததும் டூயி எண் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) போட ஆரம்பிப்பார்கள். மீன் 597, சிப்பி 594, மீன்பிடித் தொழில் 639.2, பாதுகாப்பு 639.9. போட்டு முடித்தபோது ஒரே கழிமுகத்து இறால் மூன்று தட்டில் சிதறிக் கிடக்கும். எங்கள் அறையில் தட்டைப் பிரிப்பது இடத்தை வைத்து: கடல், முகத்துவாரம், ஆறு, கால்வாய், ஏரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண்டு வரிசை. வருகிற ஆள் ‘மீன்பிடித் தொழில்’ என்று கேட்பதில்லை. ‘கால்வாய்க்கரைப் பக்கம்’ என்றுதான் கேட்கிறார்.

ஆண்டு என்றால் எந்த ஆண்டு என்பதில்தான் அடி சறுக்கும். அட்டையில் இருப்பது வெளியீட்டு ஆண்டு. நமக்கு வேண்டியது வலை போட்ட ஆண்டு. 2016 மீனவர் கணக்கெடுப்பு அச்சில் வந்தது 2020-இல். அட்டையைப் பார்த்து 2020 என்று பதிந்தால், 2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதற்கு முந்தைய தரவு அதற்குப் பிந்தையதாகிவிடும். ஒரு கட்டம் மாறினால் முடிவே தலைகீழ்.

ஆகவே ‘களத் தேதி’, ‘வெளியீட்டுத் தேதி’ இரண்டும் தனித்தனிக் கட்டம். களத் தேதியை மாதம் வரைக்கும் எழுதுங்கள். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 2017-க்கு முன்பு 45 நாள். ஜூன் தொடக்கத்துப் பிடிப்பை 2015-க்கும் 2018-க்கும் ஒப்பிடுகிறவர் இது தெரியாமல் எழுதினால் ‘மீன் அழிந்தது’ என்று முடித்துவிடுவார்.

மற்ற கட்டங்கள்: இடம் (குப்பம் அல்லது பாலத்தின் பெயரோடு), உயிரினம், எண்ணிய முறை, எத்தனை முறை எண்ணினார்கள், மொழி, பக்க எண், எங்கிருந்து வந்தது. பக்க எண்ணைச் சோம்பலில் விட்டுவிடுவார்கள். 340 பக்க அறிக்கையில் நம் ஆற்றுக்கு ஒரே ஓர் அட்டவணை இருக்கும், அது எந்தப் பக்கம் என்று எழுதாவிட்டால் பதிந்தும் பயனில்லை.

சட்டங்களுக்கும் இதே விதி. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. ‘புதுசு வந்துவிட்டதே’ என்று பழைய பிரதியைத் தூக்கிப் போட்டால், 2021-இல் நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்டு வருபவருக்குத் தவறான அட்டவணை எண்ணைக் கொடுப்பீர்கள். பழையதன் மேல் ‘இந்தத் தேதி வரை’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் அரசு ஆவணங்களில் கடைசியாக ஒரு தடை: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பில் ‘இறால்’ என்று தேடினால் கிடைக்காது. ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றிய பிரதியையும் மூலத்தையும் சேர்த்தே வையுங்கள்.

8. வாய்மொழியையும் ஆவணமாக்குங்கள், ஆனால் மொழிபெயர்க்காதீர்கள்

ஒலிப்பதிவுக்கு முன் எதற்கு, எங்கே வைப்போம், யார் கேட்கலாம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பேசியதைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்பார்கள். அதில் ஒன்றை ‘வடக்கு நீரோட்டம்’ என்று திருத்தி எழுதினார் ஒரு தம்பி. வடக்கிலிருந்து வருவதா, வடக்கே போவதா? அவருக்கே மறுவாரம் நினைவில்லை.

ஆண்டை நேராகக் கேட்டால் சரியாக வராது. ‘சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா’, ‘பெரிய பெண் பிறந்தபோதா’ என்று கேளுங்கள். அவர் சொன்ன அடையாளத்தையும் நீங்கள் கணக்கிட்ட ஆண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

9. கேள்வியோடு வருபவரிடம் திருப்பிக் கேளுங்கள்

புதியவர் கேள்வி காதில் விழுந்ததும் கணினியில் தட்ட ஆரம்பித்துவிடுவார். பொறுங்கள்.

இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் வந்து, “எறா எப்பத்துலருந்து கொறைஞ்சுதுன்னு ஒரு பேப்பர் வேணும்” என்றார். உட்காரவைத்து, “எந்த இறால்க்கா? எந்தப் பக்கம்? எந்த மாசம் பிடிக்கிறது? பேப்பர் யாருக்குக் காட்ட?” என்று கேட்டோம். வெள்ளை இறால், பாலத்துக்குத் தெற்கே, ஐப்பசி கார்த்திகையில், காட்ட வேண்டியது கலெக்டர் ஆபீசில் நடக்கும் கூட்டத்தில். கடைசிப் பதில்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அவருக்கு ஆய்வுக் கட்டுரை உதவாது. இரண்டு அரசு அறிக்கைகளின் குறிப்பிட்ட பக்கங்களும் அட்டைப் பக்கமும்தான் வேண்டும். நாலு தாள் நகல், வேலை முடிந்தது.

கொடுக்கும் பதிலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கிடைத்தது, எந்த ஆண்டுக் களம், என்ன முறை, என்ன கிடைக்கவில்லை. இந்தக் கடைசி வரியை எழுத எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ‘2008 முதல் 2012 வரை இந்தப் பகுதிக்கு எங்களிடம் பதிவு இல்லை’ என்று எழுதினால்தான் அந்த இடைவெளியை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாரும் படிக்காமல் இருப்பார்கள்.

பறவைக் கணக்கை மட்டும் வெறும் எண்ணாகக் கொடுக்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை இடத்தில் நின்று எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பத்துப் பேர் எண்ணிய ஆண்டும் இரண்டு பேர் எண்ணிய ஆண்டும் ஒன்றாகாது.

10. உப்பு, சாம்பல், வெள்ளம்

எங்கள் அறையில் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, காற்று திசை மாறினால் அனல்மின் நிலையச் சாம்பல். தாள்களை அமிலமில்லாத உறையில் போட்டு, பருத்தி நாடாவால் கட்டி, பீரோவில் படுக்கை வசமாக வைக்கிறோம். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுகிறோம். தாளுக்குள்ளேயே வைக்காதீர்கள், கறை பிடிக்கும்.

பீரோவைச் செங்கல் அடுக்கி இரண்டடி உயர்த்துங்கள். 2023 வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தட்டு நனைந்தது. ஏலச் சீட்டுப் படங்களின் அச்சுப் பிரதி இரண்டு கட்டு போயிற்று. ஹார்ட் டிஸ்க் ஒன்று தண்டையார்ப்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இருந்ததால் தப்பினோம். நனைந்த தாளை வெயிலில் போடக் கூடாது. மின்விசிறிக் காற்றில், ஒவ்வொரு தாளுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்து உலர்த்துங்கள்.

11. அறையில் இருக்கக் கூடாதவை

உயிரினப் பொருள்கள். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவருவார்கள்: காய்ந்த கடல்குதிரை, ஆமை ஓடு, பவளத் துண்டு. கண்ணாடிப் பெட்டியில் அழகாக இருக்கும்தான். ஆனால் இவை காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். வாங்கவே வாங்காதீர்கள். செத்து ஒதுங்கிய ஆமையைப் பற்றி யாராவது சொன்னால் இடம், நேரம், அளவுகோல் பக்கத்தில் தெரியும்படி எடுத்த படம் ஆகியவை போதும். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள், தொட வேண்டாம்.

பொதுவில் வைக்கக் கூடாத தகவலும் உண்டு. ஆமை முட்டையிட்ட இடத்தின் துல்லியப் புள்ளி, பறவைக் கூடு இருக்கும் மரம், ஒரு குடும்பம் தலைமுறையாகப் போய்வரும் மீன்பிடி இடம். பதிவேட்டில் பகுதியின் பெயர் மட்டும் இருக்கட்டும், புள்ளி தனி உறையில். பதிப்புரிமை உள்ள கட்டுரைகளை இணையத்தில் ஏற்றாதீர்கள், பதிவேட்டை மட்டும் பொதுவில் வையுங்கள். சொந்த ஆய்வுக்குப் படிக்க வருபவருக்கு அறையில் கொடுங்கள்.

12. தடைக்காலத்தில் சரிபாருங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சரிபார்ப்பு வேண்டும். அதற்குத் தோதான காலம் மே மாதம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, படங்களோடு கொண்டுபோங்கள். ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படியுங்கள்.

போன வருடம் அப்படிப் படித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் ஒரே மீனாகப் பதிந்திருந்த இரண்டு கெளுத்திப் படங்களைப் பார்த்துவிட்டு ஓர் அண்ணன் வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். “இது வேற, அது வேற. இதோட முள்ளு குத்தினா ரெண்டு நாள் வீங்கும், அதுக்கு அவ்ளோ இல்ல” என்று சொல்லி, படத்தில் மீசையை விரலால் எண்ணிக் காட்டினார். அந்த வரியை இரண்டாகப் பிரித்தோம். அதோடு தொடர்புடைய பதினோரு ஆவணங்களைத் திரும்ப எடுத்து, எது எந்தக் கெளுத்தி என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.